கிசராகிக்குப் பாலாபிஷேகம்

மார்ச் 2, ஞாயிறு

இன்று நிறுவனர் பிறந்தநாள். சங்கரன்கோவில் வட்டாரக் கிசராகி கார் உரிமையாளர் நற்பணி மன்றத்தின் தலைவர் என்ற முறையில் விடிந்ததுமே குளித்துப் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டேன். நடிகர்களுக்கு மன்றம் இருக்கிறது, கட்சிக்காரர்களுக்கு இருக்கிறது. ஒரு ஜப்பான் கார் கம்பெனிக்கு மன்றம் வைத்திருப்பது எங்கள் ஊர் மட்டும்தான் என்று நினைக்கிறேன். நான் நடத்தும் பாத்திரக்கடையைவிட மன்றம் நன்றாக நடக்கிறது என்கிறாள் ஆவுடை. ஆவுடை என் மனைவி. அவள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கிசராகி தொகுஜிரோ ஐயா சின்ன வயதில் கிணற்றுக் கப்பி செய்து விற்றவர். அவருடைய கப்பி கிறீச்சிடாதாம். அந்தக் கையால் செய்த முதல் கார் ஒரு நாள்கூட நடுவழியில் நின்றதில்லை. இதை நான் எங்கும் படிக்கவில்லை. ஆனால் நின்றிருந்தால் இத்தனை பெயர் வந்திருக்குமா? ஆண்டுதோறும் இதே பேச்சைத்தான் பேசுகிறேன், ஆண்டுதோறும் கைதட்டுகிறார்கள்.

மண்டபத்து வாசலில் பதினொரு வண்டிகளும் வரிசையாக நின்றன. போன வருடம் வரை மேலேதான் பால் ஊற்றினோம். அது வண்டி கழுவுகிற மாதிரி இருக்கிறதே தவிர அபிஷேகம் மாதிரி இல்லை என்று எனக்கு ஒரு குறை. இந்த வருடம் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். இதயத்துக்கே அபிஷேகம். வண்டிக்கு ஒரு குடம், குடமெல்லாம் நம் கடை உபயம். செயலாளர் நயினார் (மாவு மில் வைத்திருப்பவர்) கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். பொருளாளர் ஆசீர்வாதம் வாத்தியார் அளந்து ஊற்றினார். பிரியாணிக் கடை பீர் முகம்மது, தன் வண்டி சிவப்பு என்பதால் ரோஸ்மில்க் ஊற்றினார். அவருக்கு இன்று முதல் நோன்பு. ஒரு சொட்டு நாவில் படவில்லை.

அபிஷேகம் முடிகிற நேரத்தில் கம்பெனியின் சென்னை ஆபீசிலிருந்து போன். ஒன்பது வருடமாக எங்கள் ஊரிலிருந்து ஒரு புகார்கூடப் போகவில்லையாம். தலைமையகத்திலிருந்து ஒகுமுரா என்ற பெரியவர் 23ஆம் தேதி நேரில் பார்க்க வருகிறாராம். மைக்கில் அறிவித்தேன். நயினார் அழுதுவிட்டார்.

புகார் எப்படிப் போகும்? மன்றத்தின் ஏழாவது விதி, நான் எழுதியது: கிசராகி வண்டியைப் பற்றி 'ரிப்பேர்' என்ற சொல்லை உறுப்பினர் எவரும் பயன்படுத்தலாகாது. பயன்படுத்தினால் நீக்கம். முன்பு உறுப்பினராக இருந்த கனகசபை பட்டப்பகலில், பஜாரில், கட்டி இழுக்கிற வண்டியைக் கூப்பிட்டார். இன்று அவரிடம் பேச ஆளில்லை. எனக்கும் இடையில் வைப்பர், கதவு, கியர்பாக்ஸ் என்று சின்னச் சின்ன ஓய்வுகள் வந்ததுண்டு. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் முடித்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

பூரணி வந்துவிட்டாள். ஒரே மகள், தலைப்பிரசவம். ஏப்ரல் முதல் வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தி அருணகிரி கோயம்புத்தூரிலிருந்து தானே காரோட்டிக் கொண்டுவந்து விட்டார். விட்டாரே தவிர மனசில்லை.

"எங்க வீட்டுக்கு எதுத்தாப்லயே ஆஸ்பத்திரிங்க. இங்கிருந்து திருநெல்வேலி ஒண்ணேகால் மணி நேரம் ஆகுமுங்களே. நேரங்கெட்ட நேரத்துல வலி வந்தா என்ன பண்ணுவீங்க?"

அவரை ஷெட்டுக்கு அழைத்துப்போய் என் கிசராகியின் பானெட்டைத் தட்டிக் காட்டினேன். தொகுஜிரோ ஐயாவின் வரலாற்றைக் கப்பியிலிருந்து தொடங்கினேன். பாதியிலேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

"சரிங்க, சரிங்க. இந்த வண்டிய நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். வண்டில ஏதாச்சும் கோளாறுன்னா சொல்லிப்போடுங்க, அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிர்றேன்."

கோளாறா! சிரித்துக்கொண்டேன். பூரணி மட்டும் மூக்கைச் சுளித்தாள். ஷெட்டில் ஏதோ வாசனை என்றாள். மாசமாக இருப்பவர்களுக்கு எல்லாமே வாசனைதான்.

மார்ச் 6, வியாழன்

இன்று வண்டி கிளம்ப விருப்பம் காட்டவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்றும். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. ஹாரன் மட்டும் லேசாகக் கனைக்கிறது. இதை நான் கோளாறு என்று சொல்லமாட்டேன். ஒன்பது வருடம் உழைத்த மனிதன் ஒரு வாரம் படுத்திருந்தால் அவனை நோயாளி என்றா சொல்கிறோம்?

மெக்கானிக் முப்பிடாதியிடம் சொல்லலாம். அவன் கடை பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே. அவனிடம் சொல்வதும் ரேடியோவில் சொல்வதும் ஒன்று. சாயந்தரத்துக்குள் சம்பந்தி காதுக்குப் போகும், நாளைக் காலையில் அவர் கார் என் வாசலில் நிற்கும், பூரணி போய்விடுவாள். போன தீபாவளிக்குப் பிறகு இப்போதுதான் வந்திருக்கிறாள். அவள் வந்த பிறகு வீட்டில் சோறு ருசிக்கிறது. ஆவுடைகூட என்னோடு பேசுகிறாள்.

வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டேன். வெயிலில் பெயின்ட் போய்விடும் என்று சொன்னேன். ஷெட்டுக்குள் ஏது வெயில் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 8, சனி

ஷெட்டில் புளிச்ச வாடை அதிகமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனைமேல் சந்தேகம்.

மார்ச் 10, திங்கள்

நம் மன்றம் எவ்வளவு பக்திமிக்க மன்றம் என்று இன்றுதான் தெரிந்தது. கடைக்கு நடந்துபோகும்போது (உடம்புக்கு நல்லது என்று நடக்கிறேன்) எதிரே ஆசீர்வாதம் வாத்தியார் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்.

"வண்டி எங்க சார்?"

"தவக்காலம் அண்ணாச்சி. சில பேரு கறிய விடுவாக, சில பேரு காப்பிய விடுவாக. நான் காரை விட்டிருக்கேன். ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன்."

கொஞ்ச தூரத்தில் பீர் முகம்மது மொபெட்டில் பிரியாணி அண்டாவை அணைத்துக்கொண்டு போனார். நோன்பு வைத்துக்கொண்டு கார் ஓட்டினால் தலை சுற்றுகிறதாம். மொபெட் ஓட்டினால் சுற்றாதாம். மில்லுக்குப் போனால் நயினார் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பங்குனி உத்திரத்துக்குப் பழநி நடைப்பயணமாம், அதற்குப் பழகுகிறாராம்.

"நீங்களும் நடந்துதான் வாரியளோ?" என்று கேட்டார்.

"சும்மா, காத்தாட" என்றேன்.

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். மூன்று மதமும் இப்படி ஒரே மாதத்தில் காரை விலக்கச் சொல்வது அபூர்வம்தான்.

மார்ச் 13, வியாழன்

பூரணிக்குத் திருநெல்வேலியில் செக்கப். ஏசி காற்று மாசமாக இருப்பவளுக்கு ஆகாது, பஸ்ஸில் போகலாம் என்றேன். வாதாடுவாள் என்று நான்கு பதில் தயாராக வைத்திருந்தேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

தேவர்குளம் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டது. ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. நாளைக்கே முப்பிடாதியிடம் போய்ச் சொல்லிவிடுவது, மன்றமாவது மண்ணாங்கட்டியாவது என்று முடிவு செய்தேன்.

மார்ச் 14, வெள்ளி

முப்பிடாதி கடைக்குப் போனேன். எதிரே டீக்கடையில் நயினார். ஆசீர்வாதம் சுவர் போஸ்டர் ஒன்றை எழுத்துக்கூட்டி வாசிப்பவர்போல் நின்றார். பீர் முகம்மது பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும் மூன்று பேருக்கும் முகம் விழுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து டீ குடித்தோம். பீர் முகம்மது நோன்பு, ஆகவே நாங்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் முப்பிடாதியே கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

இவர்களுக்கெல்லாம் வேலையே கிடையாதா?

மார்ச் 16, ஞாயிறு

மன்றக் கூட்டம். ஒகுமுரா வரவேற்பு பற்றி. எனக்கு ராத்திரியெல்லாம் ஒரே கவலை. பதினொரு வண்டிகளும் ஊர்வலம் போகவேண்டும், தலைவர் வண்டி முதலில். என் வண்டி மட்டும் அசையாமல் நின்றால்? பல் தேய்க்கும்போது யோசனை வந்தது.

"நம்ம ஊரு தேரோடுற ஊரு" என்று ஆரம்பித்தேன். "சாமி தானா நடந்தா வருது? நாம வடம் பிடிச்சு இழுக்கோம். அதுதான் மரியாதை. அன்னைக்கு ஒரு வண்டியும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. பதினொண்ணையும் கயிறு கட்டி ரத வீதியில தேர் மாதிரி இழுத்துட்டு வருவோம்."

யாராவது சிரிப்பார்கள் என்று பயந்தேன். மாறாக ஒரு பெரிய மூச்சு எழுந்தது, நான் உட்படப் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் விட்ட மூச்சு. நயினார் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தலைவரே, நீங்க தெய்வம்!" பீர் முகம்மது அந்த இடத்திலேயே கயிறு தன் பொறுப்பு என்றார். ஆசீர்வாதம் பொதுவாக எதற்கும் இரண்டு திருத்தம் சொல்வார். இன்று வாயைத் திறக்கவில்லை. ஒன்பது ஆண்டில் ஒரு தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது இதுதான் முதல் தடவை. என் தலைமைமேல் இவர்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

சம்பந்தி போன். பூரணியை விசாரிப்பதற்கு முன்னால் வண்டியை விசாரித்தார்.

"வண்டி நல்லா இருக்குதுங்களா?"

"ஷெட்டுலயேதான் நிக்குது" என்றேன். பொய் இல்லை.

"எங்கயும் நடுவழில நின்னுரலியே?"

"இந்த மாசம் ஒரு தடவைகூட நடுவழியில நிக்கல." இதுவும் பொய் இல்லை.

போனை வைத்தபோது ஆவுடை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மத்தியானம் மோர்க்குழம்பு வைக்கட்டுமா, வேண்டாமா? வீடே ஏற்கெனவே மோர் மாதிரிதான் வீசுது" என்றாள். பூனையைப் பற்றிப் பக்கத்து வீட்டில் பேசவேண்டும்.

மார்ச் 20, வியாழன்

ஒகுமுராவைத் தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து யார் அழைத்து வருவது? நயினாருக்குப் போன் செய்தேன், நடைப்பயணம். ஆசீர்வாதத்துக்குத் தவக்காலம். பீர் முகம்மதுக்குத் தலைசுற்றல். மற்றவர்களில் மூன்று பேர் போனையே எடுக்கவில்லை. என்னால் முடியாததற்குக் காரணம் இங்கே எழுதவேண்டியதில்லை.

ஊஞ்சலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த பூரணி, "நான் பாத்துக்கிடுதேம்பா" என்றாள். போனை எடுத்து இரண்டு நிமிடத்தில் திருநெல்வேலி டாக்ஸி ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டாள். காலையில் விருந்தாளியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நாள் முழுக்க இங்கேயே நிற்கவேண்டும் என்று டிரைவரிடம் திட்டமாகச் சொன்னாள்.

"நாள் பூரா எதுக்கு?"

"இருக்கட்டும்பா."

வேறு கம்பெனி வண்டி என்று பிறகுதான் தெரிந்தது. கிசராகி கம்பெனிக்காரர் வேறு வண்டியில் வந்து இறங்குவதா! சத்தம் போட்டேன். "பாவம், அந்த மனுஷன் தூங்கிக்கிட்டு வருவாரு, என்ன வண்டின்னா பாக்கப் போறாரு?" என்று சிரித்தாள். வயிறு நன்றாக இறங்கிவிட்டது. நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள்.

மார்ச் 22, சனி

வண்டியை ரத வீதிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஒத்திகை என்று சொல்லிக்கொண்டோம். மற்ற பத்துப் பேரும் தங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். ஒத்திகையில் என்ன ஈடுபாடு!

மார்ச் 24, திங்கள்

நேற்று எழுதவில்லை. இதைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். துணிப்பையில் குழந்தைத் துணிக்கு நடுவே இந்த டைரியையும் ஆவுடை வைத்திருக்கிறாள். கடைப் பெட்டிக்கு அடியில் இருந்தது. அவளுக்கு எப்படித் தெரியும்? சரி, இனி மறைத்து எழுதிப் பயனில்லை.

நேற்று காலை ரத வீதி முழுக்கக் கூட்டம். நாதஸ்வரம், பிளெக்ஸ், வெடி. பதினொரு கிசராகிகளுக்கும் மாலை போட்டு, பீர் முகம்மது வாங்கிய கயிற்றைக் கட்டி, வண்டிக்கு இருபது பேர் என்று நின்றார்கள். ஒகுமுரா வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும், ஒல்லி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கூடவே தீபலட்சுமி என்று சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளப் பெண். நான் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினேன். அவர் குனிந்தார், நானும் குனிந்தேன், அவர் இன்னும் குனிந்தார். கொஞ்ச நேரம் இதுவே நடந்தது.

இழுக்கத் தொடங்கியதும் அவர் தீபலட்சுமியிடம் ஏதோ கேட்டார்.

"எஞ்சின் இருக்கும்போது ஏன் கயித்துல இழுக்கறாங்கன்னு கேக்கறார் சார்."

"மரியாதைன்னு சொல்லும்மா. தெய்வத்த இப்படித்தான் கூட்டிட்டு வருவோம்."

அவர் அதைக் கேட்டு அப்படியே நின்றார். பிறகு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என் வண்டியின் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். கூட்டம் கத்தியது. என் வாழ்நாளில் அதைவிடப் பெருமையான நிமிடம் கிடையாது. அது ஒரு நிமிடம்தான் இருந்தது.

வீதி முனையிலிருந்து ஆவுடை ஓடிவந்தாள். "ஏங்க! பனிக்குடம் உடைஞ்சிட்டு!"

அவளுக்குப் பின்னால் பூரணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. வண்டி ஓடாது என்பதும் மறந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே பாய்ந்து சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. "நயினார், உம்ம வண்டிய எடும்!" என்று கத்தினேன். நயினார் வண்டியில் ஏறவில்லை. மாலையைப் பிய்த்துக்கொண்டு நின்றார்.

"தலைவரே, என் வண்டி ஆறாம் தேதியே போயிட்டு. உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு..."

"பீர் பாய்!"

"எனக்கு ஏழாம் தேதி அண்ணாச்சி. நோன்பு உண்மைதான். தலைசுத்தல்தான் பொய்யி."

"வாத்தியாரே!"

"என் தவக்காலம் வண்டிக்கும் சேத்துதான் அண்ணாச்சி" என்று ஆசீர்வாதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதினொன்றும். ஒன்றுகூட ஓடாது. என்னிடம் சொன்னால் நீக்கிவிடுவேன் என்று பத்துப் பேரும் இத்தனை நாள் நடந்திருக்கிறார்கள், நான் அவர்களுக்குப் பயந்து நடந்திருக்கிறேன். இருநூறு பேர் கயிற்றைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், இதே கயிற்றில் இழுத்துக்கொண்டே போனால் திருநெல்வேலிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். நாதஸ்வரக்காரர் நிறுத்தவில்லை.

அப்போது பூரணி மெல்ல நடந்து மண்டபத்துக்குப் பின்னால் போனாள். அங்கே நிழலில் டாக்ஸி நின்றது. சீட்டைச் சாய்த்துத் தூங்கிய டிரைவரின் கண்ணாடியைத் தட்டினாள். "அண்ணே, கிளம்புங்க." டிக்கியைத் திறந்தார்கள். அவளுடைய பை, பிளாஸ்க், தலையணை எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருந்தன. ஆவுடை ஏறிக்கொண்டாள். நான் ஏறுவதற்குள் கயிறு காலில் சிக்கி விழுந்தேன். எழுந்தபோது டாக்ஸி போய்விட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் அது எந்தக் கம்பெனி வண்டி என்றுதான் கண் முதலில் பார்த்தது.

ஒகுமுரா இதற்குள் என் வண்டியின் பானெட்டைத் திறந்திருந்தார். உள்ளே விரலை விட்டுக் கொஞ்சம் வழித்து மூக்கருகே கொண்டுபோனார். "யோகுருத்தோ" என்றார். தயிர் என்று புரிய மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இரண்டாவது வண்டி, யோகுருத்தோ. மூன்றாவது, யோகுருத்தோ. பீர் முகம்மதுவின் வண்டியில் விட்ட விரலை மூக்கருகே கொண்டுபோகாமல் வெயிலில் நீட்டிப் பார்த்தார். அது ரோஸ் நிறத்தில் இருந்தது.

எனக்கும் டாக்ஸி இல்லை, ஒகுமுராவுக்கும் தீபலட்சுமிக்கும் டாக்ஸி இல்லை. மூன்று பேரும் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினோம். நான் பட்டுச்சட்டை, தலைவர் பேட்ஜ். அவர் மாலை, பொன்னாடை. புதுமாப்பிள்ளை என்று நினைத்து ஓர் அம்மா அவருக்கு இடம் கொடுத்தாள். நான் போனில் ஆவுடையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தானோ என்னவோ அவர் பேச்சுக் கொடுத்தார்.

"எங்க கம்பெனியில ஏதாவது நின்னுபோச்சுன்னா அஞ்சு தடவை ஏன்னு கேப்பாங்க சார். உங்ககிட்டயும் கேக்கலாமான்னு கேக்கறார்" என்றாள் தீபலட்சுமி.

வண்டி ஏன் நின்றது? பியூஸ் பெட்டியில் ஈரம். ஏன் ஈரம்? பால். ஏன் பால் ஊற்றினீர்கள்? நிறுவனர் பிறந்தநாள். ஏன் அவர் பிறந்தநாளைக் கொண்டாடுகிறீர்கள்? அவர் வண்டி நிற்காது என்பதால். அவர் ஐந்தாவது ஏனைக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

"ஒன்பது வருஷமா ஒரு புகார் இல்லன்னு பாராட்டத்தான வந்தீங்க?" என்றேன்.

தீபலட்சுமி அவரிடம் கேட்டுவிட்டுத் தயங்கினாள். "இல்ல சார். ஒன்பது வருஷமா ஒரு போன்கூட வரலையேன்னு அங்க கவலைப்பட்டாங்களாம். வண்டிய யாரும் ஓட்டறதே இல்லையோன்னு பாத்துட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

பிறகு அவர் தொகுஜிரோ ஐயாவைப் பற்றிச் சொன்னார். முதலில் செய்த கார்கள் எல்லாமே நின்றுவிட்டனவாம். எல்லாமே. ஐயா பையில் ஸ்பானரைப் போட்டுக்கொண்டு வாங்கியவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்தே போய், வண்டி ஓடும்வரை அங்கேயே கிடந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாராம். வண்டியைப் பார்த்து அல்ல, கூப்பிட்டால் வருகிற ஆளைப் பார்த்துத்தான் அடுத்த வண்டிக்கு ஆள் வந்ததாம். நீங்கள் கூப்பிட்டிருந்தால் நாங்களும் வந்திருப்போமே என்றார். ஒன்பது வருடம் மைக்கில் பேசிய பேச்சை நினைத்துப் பார்த்தேன்.

போய்ச் சேர்வதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். இருவரும் நலம். ஒகுமுரா வாசலிலேயே நின்று, மாலையைக் கழற்றித் தீபலட்சுமியிடம் கொடுத்துவிட்டு, மூடிய கதவைப் பார்த்து நன்றாகக் குனிந்துவிட்டுப் போனார். பதினொரு வண்டியையும் சரிசெய்ய ஆள் வருமாம்.

இன்று சாயந்தரம் சம்பந்தி, சம்பந்தியம்மாவையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வந்தார். குழந்தையைப் பார்த்தார், கண் கலங்கினார். பிறகு என் தோளில் தட்டி, "உங்க வண்டி காப்பாத்திருச்சுங்களே! நீங்க சொன்னப்போ நான் பாதிதான் நம்புனேன்" என்றார்.

தலையாட்டிவிட்டால் போதும். அறையில் யாரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆவுடை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூரணி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தலையாட்ட வரவில்லை.

"என் வண்டியில வரல. அது ஓடவே இல்ல. ரெண்டு வாரத்துக்கும் மேலாச்சு. சொன்னா நீங்க பிள்ளைய கூட்டிட்டுப் போயிருவீங்கன்னு சொல்லல. மாசமா இருக்கிற பிள்ளைய பஸ்ல செக்கப்புக்குக் கூட்டிட்டு வந்தேன். நேத்து அவளேதான் டாக்ஸி வச்சிருந்தா. அதுலயும் நான் ஏறல, பின்னால பஸ்லதான் வந்தேன்."

சம்பந்தி முகம் சிவந்துபோனது. "என்னங்க இது? உங்க வண்டிய நம்பியில்லீங்க விட்டுட்டுப் போனேன்! புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? டிஸ்சார்ஜ் ஆன கையோட கோயம்புத்தூருக்கே கூட்டிட்டுப் போயிர்றோமுங்க."

நியாயம்தான். கதவருகே போய் நின்றுகொண்டேன். மூன்று மாதம் வீட்டில் தொட்டில் ஆடும் என்று நினைத்திருந்தேன். கொக்கிகூட மாட்டியாகிவிட்டது.

"மாமா" என்றாள் பூரணி. கண்ணைத் திறக்கவில்லை. "அந்த வண்டி ஓடாதுன்னு எனக்கு ரெண்டாவது நாளே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அங்க வந்தா ஆஸ்பத்திரி எதுத்தாப்ல இருக்கும், எங்கப்பா இருக்க மாட்டாகல்லா. நான் காரை நம்பியா வந்தேன்? எங்கப்பாவ நம்பில்லா வந்தேன். அவுகளும் நேரத்துக்கு ஸ்டார்ட் ஆகல, அது வேற விஷயம். தள்ளிவிட்டா ஓடுவாக."

முதலில் சிரித்தது ஆவுடைதான். பிறகு சம்பந்தியம்மா. சம்பந்தி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. ஆவுடை அதைத் தூக்கி என் கையில் வைத்து, முதுகில் கையைக் கொடுத்து என்னை ஒரு தள்ளுத் தள்ளினாள்.

வராந்தாவில் பேத்தியை வைத்துக்கொண்டு மேலும் கீழும் நடந்தேன். எல்லோர் எதிரிலும் அழுதேன்.